கொழும்புத்துறைக் கிட்டங்கியில் இழுத்த கயிறு

இது நடந்த விஷயம். நம்பாதவர்கள் கோப்பாய்க்குப் போய் உதயகலாவிடம் கேட்கலாம். அவள் பதில் சொல்லமாட்டாள். ஆனால் இல்லை என்றும் சொல்லமாட்டாள்.

கொழும்புத்துறைக் கரையில் பாழடைந்து கிடந்த ஒரு சரக்குக் கிட்டங்கியைத் திருத்தி, பழைய கடல் சாமான்களை வைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். வருபவர்களுக்குச் சுற்றிக்காட்டி விளக்குவது உதயகலாவின் வேலை. குருநகர் கொலின்ஸ் காவலாளி. சங்கு குளிக்கப் போய்க் கடலுக்குள்ளேயே செத்துப்போன பேதுரு என்பவரின் கயிற்றை அவருடைய மகள் றொசாந்தி கொண்டுவந்து கொடுத்திருந்தாள். ஒரு நுனி வள்ளத்தில், மறுநுனி குளிப்பவரின் இடுப்பில். கீழேயிருந்து இரண்டு தரம் இழுத்தால் வள்ளத்தில் நிற்பவர் தூக்கவேண்டும். நடு மண்டபத்தில் நின்ற வள்ளத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை. பகல் ஒன்று பத்து. மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

டக்... டக்.

வள்ளத்தின் பலகை முனகியது. உதயகலா திரும்பிப் பார்த்தாள். தொய்ந்து கிடந்த கயிறு விறைத்து நின்றது. அதன் நுனி சீமெந்துத் தரைக்குள் இறங்கியிருந்தது. தரையில் ஒரு வெடிப்புக்கூட இல்லை.

ஒன்று பன்னிரண்டு. டக்... டக். இந்தமுறை அவசரமாக.

"கொலின்ஸ் அண்ணை! ஓடிவாங்கோ!"

சோற்றுக் கையோடு வந்தார்.

"கயிற்றை ஆரோ இழுக்கினம் அண்ணை."

"எலியாயிருக்கும் பிள்ளை."

"ஒருக்காப் பிடிச்சு இழுங்கோவன். எனக்குப் பயமாக் கிடக்கு."

சிரித்துக்கொண்டே இழுத்தார். பிறகு சிரிப்பு நின்றது. பாரம். கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். இருபது முழக் கயிறு அது. அறுபது முழமாவது வந்திருக்கும்... வந்துகொண்டே இருந்தது... நனைந்து...

சட்டென்று பாரம் விட்டது.

நுனி மேலே வந்தது. இடுப்புச் சுருக்கில் எவரும் இல்லை.

சுருக்கு சூடாக இருந்தது.

அன்று பின்னேரம் உதயகலா றொசாந்திக்குப் போன் எடுத்துக் கயிறு இழுபட்டதைச் சொன்னாள்.

"இழுத்திட்டியளோ? ஆர் இழுத்தது?"

"கொலின்ஸ் அண்ணை..."

றொசாந்தி குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கடை அண்ணையும் இழுத்தவன். ஒன்பதாம் நாள் பாயிலை படுத்தபடியே செத்தவன். வாயாலை, மூக்காலை கடல்தண்ணி."

"தெரிஞ்சுகொண்டு ஏன் இஞ்சை தந்தனீங்கள்?"

"என்ரை வீட்டிலை பிள்ளையள் இருக்குதுகள்."

போன் நின்றது.

கொலின்ஸிடம் சொல்லவேண்டும் என்று உதயகலா ஒவ்வொரு காலையும் நினைத்தபடிதான் பஸ் ஏறினாள். 'என்னை ஏன் இழுக்கச் சொன்னனீ?' என்று அவர் கேட்டால்? சொன்னால் மட்டும் நின்றுவிடுமா? கொலின்ஸ் அவளுக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். அவள் மழையைப் பற்றிக் கதைப்பாள். சிரிப்பாள்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் என்று லீவு போட்டாள்.

பகல் ஒன்று பத்தொன்பதுக்கு அவரைக் கண்டார்கள். கதிரையில் இருந்தபடி... வாய் திறந்தபடி. சட்டையில் ஈரமில்லை. தரையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கடலில் மூழ்கிச் செத்தவரின் நுரையீரல் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி மக்டலீன் அழவில்லை. உதயகலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கி.

"றொசாந்தி அடுத்தநாளே கோயிலடியிலை வைச்சு அவருக்கு எல்லாம் சொல்லிப்போட்டாள் பிள்ளை. உனக்கும் தெரியும் எண்டு சொன்னவள்."

உதயகலா கையை இழுத்தாள். வரவில்லை.

"ஒவ்வொரு நாளும் வேலையாலை வந்து இந்தக் கட்டிலிலை இருந்து சொல்லுவார்... 'இண்டைக்கும் அந்தப் பிள்ளை சொல்லேல்லையடி.'"