நெட்டுல விக்கப் போட்ட வூடு

அதான், அந்தக் கோடி வூட்டுக்காரி உன்கிட்ட சொன்னது பொய்யில்லம்மா. உக்காரு, சொல்றேன். இந்த வூட்ட விக்கப் போட்டது நெசந்தான். சுனாமி அலை வந்துச்சே, அதுக்கு அடுத்த வருஷம். நீ அப்ப இந்தத் தெருவுக்குக் குடி வரல. ஆனா அவ சொல்ற மாதிரி பேப்பர்ல போடல. கம்ப்யூட்டர்ல போட்டோம். இந்தக் குப்பத்துலயே கம்ப்யூட்டர்ல வூட்டப் போட்ட மொத ஆளு நான்தான், தெரிஞ்சுக்க!

எதுக்கு விக்கணும்ன்றியா? எல்லாம் என் மருமவளுக்காகத்தான். அலை வந்த அன்னிக்கி நானும் மவனும் பஜாருக்குப் போயிட்டோம். அவ ஒருத்திதான் வூட்டுல. கைப்புள்ளையத் தோள்ல வச்சுக்கினு, அதோ அந்த ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினே நின்னுருக்கா. தண்ணி மாரு வரைக்கும் ஏறியிருக்குது. நாங்க ஓடியாந்து பாக்கும்போது தண்ணி வடிஞ்சு போச்சு, அவ மட்டும் கம்பிய வுடல. ஒவ்வொரு வெரலா பிரிச்சு எடுத்தோம்மா.

மறுநாளே பிரம்மதேசத்துல அவ ஆத்தா வூட்டுக்குப் போயிட்டா. "அந்த வூட்டுல இனிமே கால் வைக்க மாட்டேன்"னுட்டா. மவன் போய்க் கூப்புட்டான், நான் போய்க் கூப்புட்டேன். புள்ளையக் காட்டுவா, வாயத் தொறக்க மாட்டா. அவ அண்ணன்மாருங்க வேற, "கடலோரமே வேணாம், வித்துட்டு இந்தப் பக்கம் வா. இல்லன்னா பஞ்சாயத்து வச்சு கல்யாணத்தத் தீத்து வுட்ருவோம்"னாங்க. என் மவன் சோத்துத் தட்டுல வெரலால கோலம் போட்டுக்கினு உக்காந்திருப்பான்.

ஊருக்குள்ள யாரு வாங்குவா? எல்லாருந்தான் தண்ணியப் பாத்துட்டாங்களே. "சும்மா குடுத்தாக்கூட வேணாம் ஆயா"ன்னாங்க. அப்பதான் என் தங்கச்சி மவ, சென்னையில கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கறா, அவ சொன்னா: "பெரிம்மா, வூடு விக்கறதுக்குன்னே நெட்ல ஒரு எடம் இருக்குது. போட்டோ போட்டா துபாய்ல இருக்கறவன்கூட பாப்பான்."

"பாத்துட்டு? வூட்ட துபாய்க்குத் தூக்கிக்கினு போவானா?"ன்னேன்.

கேமரா எடுத்துக்கினு வந்தா. நான் வுடுவனா? ஒலகமே பாக்கப் போவுதுன்னா எத்தினி கண்ணு! ஒரு பெரிய பூசணிக்காய வாங்கி, முட்டக்கண்ணு, கோரப்பல்லு, மீச எல்லாம் எழுதி வாசல்ல தொங்க வுட்டேன். கூடவே மொளகா, படிகாரம். அவ தலையில அடிச்சுக்கினா.

"கண்ணு படணும்னுதானே பெரிம்மா போட்டோவே எடுக்கறோம்! கழட்டு அத."

"பட்டா வூடு நிக்குமாடி? இன்னொருத்தன் வந்து வாழப்போற வூடு. அப்படியே எடு."

எடுத்தா. அடியில "கடற்கரைக்கு ரெண்டே நிமிஷம்"னு எழுதினாளாம். "அடிப்பாவி, அதுக்குப் பயந்துதானே விக்கறோம்"னேன். "பட்டணத்துக்காரனுக்குக் கடல்தான் பெரிம்மா ஆசை"ன்னா. கெணத்துத் தண்ணி உப்பு கரிக்கும்னும் எழுதச் சொன்னேன். அதெல்லாம் எழுத மாட்டாங்களாம்.

நெட்ல குடுத்தது மவன் நம்பரு. வேல செய்யற உப்பளத்துக்கு எடுத்துக்கினு போனா கெட்டுப்பூடும்னு மவன் செல்போன என்கிட்ட குடுத்துட்டுப் போவான். பச்ச பட்டன அமுத்தணும், அவ்ளோதான் தெரியும். மொத வாரம் அடிச்சுது பாரு! ஒருத்தன் இங்கிலீஷ்லயே பேசினான், நான் "ஆமாங்க ஆமாங்க"ன்னேன். இன்னொருத்தன், "ஏம்மா, வாசல்ல இன்னாமா தொங்குது? உள்ள பேய் கீய் இருக்குதா?"ன்னான். "பேய் இல்லப்பா, நான் ஒருத்திதான் இருக்கேன்"னேன். வச்சிட்டான். மத்தவங்க எல்லாம் கடசியா ஒண்ணு கேட்டாங்க: "அலை உள்ள வந்துச்சா?" இல்லன்னு சொல்லச் சொல்லியிருந்தான் மவன். எனக்கு வாய் வரல. "வந்துச்சுப்பா, ஆனா போயிடுச்சு"ன்னுவேன். டக்குனு வச்சிடுவாங்க.

அப்பறம் போனே இல்ல. "உன்ன யாரும்மா பேசச் சொன்னது?"ன்னு கத்திட்டு மவன் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். ஆடி முடிஞ்சதும் பஞ்சாயத்துன்னு பிரம்மதேசத்துலேருந்து சேதி வந்துருச்சு. நான் அந்தப் போன சாமி படத்துக்கு முன்னால வைப்பேன், மடியில வைப்பேன், கெணத்தடிக்கு எடுத்துக்கினு போவேன். "அடிச்சுத் தொலையேன்"னு அதுக்கிட்டயே அழுவேன்.

ஒருநா மத்தியானம் அடிச்சுது. பொம்பள கொரலு. "நெட்ல பாத்தேங்க. மொட்ட மாடிக்கு ஏறப் படி இருக்குதா?"

அதுவரைக்கும் ஒருத்தரும் படியக் கேக்கல. "இல்லம்மா. மர ஏணிதான் இருந்துச்சு, அலை அடிச்சுக்கினு போயிருச்சு"ன்னேன். அந்தப் பக்கம் பின்னால ஒரு புள்ள சிணுங்குது. "ச்சூ, இருடா"ன்னா பாரு, அப்பத்தான் எனக்குக் கொரலு புரிஞ்சுது. என் மருமவ! காட்டிக்கல நான்.

"எதுக்கும்மா படி?"

"தண்ணி வந்தா புள்ளையத் தூக்கிக்கினு ஏறணும்ல?"

"கட்டிக் குடுத்தா வருவியாம்மா?"

"பாக்கலாம்"னு சொல்லி வச்சிட்டா. அவ அண்ணன் திண்டிவனத்துல பிரவுசிங் சென்டர்ல காட்டியிருக்கான், வூடு நெசமாவே விலைக்கு வந்துருச்சு பாருன்னு. போட்டோவுல வூட்டப் பாத்ததும் அவளுக்கு மனசு கேக்கலயாம். "பூசணிக்கா அப்படியே உன் மூஞ்சி அத்த"ன்னு இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பா.

சாயங்காலம் மவன் வந்ததும், "கொத்தனாரக் கூப்புடுடா"ன்னேன். "விக்கற வூட்டுக்கு எதுக்குமா படி?"ன்னான். "கேக்கறவ கேட்டா, கட்டுடா"ன்னேன். யாருன்னு சொன்னதும் ஓடினான் பாரு! அலையில வுழுந்த சுத்துச்சுவரு செங்கல்லையே பொறுக்கியாந்து வெளிப்பக்கமா படி கட்டினோம்.

பூச்சு காயறதுக்குள்ள வந்து நின்னா. உள்ள வரல. புள்ளைய இடுப்புல வச்சுக்கினு நேரா மேல ஏறினா. கடலப் பாத்துக்கினு ரொம்ப நேரம் நின்னா. எறங்கினா. மறுபடியும் ஏறினா. அப்பறம் மேலேருந்து கத்தறா: "அத்த, கைப்புடிச் சுவரு இன்னும் ஒசரமா வேணும். புள்ள எட்டிப் பாப்பான்."

அவ்ளோதாம்மா. பஞ்சாயத்தும் இல்ல, விக்கறதும் இல்ல. நெட்லேருந்து எடுக்க தங்கச்சி மவ மறந்துட்டா, போன மாசம்கூட ஒருத்தன் கேட்டு... ஐயோ, தூறல் போடுதே! மேல மொளகா காயுது. அந்த மொறத்த எடு, நீயும் வா!