ரோட்டைப் பார்க்கும் நரி

இக்காஸ்ட் ஊரிலிருந்து ரண்டர்ஸ் நகருக்குப் போகும் வழியில் பெட்ரோல் போட நிற்கிறோம். காரை ஓட்டுவது ரெஜினா அக்காவின் மகள். லைசன்ஸ் எடுத்தபின் அவளுடைய முதல் நீண்ட ஓட்டம். பக்கத்து இருக்கையில் அக்கா சீட் பெல்ட்டைப் பிடித்தபடியே வந்தார். நான் பின்னால்.

மகள் கோப்பி வாங்கப் போயிருக்கிறாள். டாஷ்போர்டில் மடு மாதா சிலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்பு நரிப் பொம்மை நின்று எங்களைப் பார்க்கிறது.

“எகிப்துக்கு லீவுக்குப் போனநேரம் என்ர மனுசன் வாங்கினவர். நாய் காவலுக்கு நல்லதெண்டு ஒட்டி வைச்சவர்” என்கிறார் அக்கா.

நாயில்லை, வெப்வாவெட் என்கிறேன். பழைய எகிப்தில் அரசன் புறப்பட்டால் இந்த நரித் தெய்வத்தைக் கம்பத்தில் ஏற்றி முன்னால் தூக்கிப் போவார்கள். வழிகளைத் திறப்பவர் என்று பெயருக்கு அர்த்தம்.

“அப்ப முறிகண்டிப் பிள்ளையார் மாதிரி.” யாழ்ப்பாணம் போகிற வண்டிகள் அந்த வழியோரக் கோயிலில் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கிளம்பும், கத்தோலிக்கரான அக்கா வீட்டு வண்டியும்தான்.

பிறகு அவர் முகம் மாறுகிறது. “முன்னுக்குப் போறவரை ஏன் பின்னுக்குப் பாக்க வைச்சிருக்கிறம்?”

நரியை நகத்தால் நெம்பி எடுத்து, முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி ஒட்டுகிறார். “மாதா எங்களைப் பாக்கட்டும். இவர் ரோட்டைப் பாக்கட்டும்.”

“நீங்க?”

“நான் கண்ணை மூடப்போறன்.”

மகள் வந்து காரை எடுக்கிறாள். சொன்னபடியே அக்கா கண்களை இறுக மூடிக்கொள்கிறார். முதல் வளைவில் அவருடைய வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை அழுத்துகிறது.