தோணியில் விட்டு வந்த மச்சான்

என் தங்கையின் கணவனை நான் சாக விட்டுவிட்டு வந்தேன். அவன் சாகவில்லை. அதனால் என் குற்றம் குறைந்துவிடுமா? நீங்களே சொல்லுங்கள்.

தேயிலை விலை விழுந்து, கண்டியில் எங்கள் புடவைக் கடை தள்ளாடிய வருஷம். மலிவான சரக்குத் தேடி நானும் மச்சான் நசீரும் தூத்துக்குடி போனோம். வாங்கிய துணிப் பொதிகளோடு ஒரு பாய்த்தோணியில் கொழும்புக்குத் திரும்பினோம்.

கற்பிட்டிக்கு அப்பால் புயல் பிடித்தது. பாய் கிழிந்தது. தோணியை ஓட்டிய தண்டல் நங்கூரம் போட்டுவிட்டு எங்களிடம் வந்தார். நங்கூரம் அறுந்தால் தோணி பாறையில் மோதும் என்றார். தோணியாட்கள் இரண்டு பேர் சிறு வள்ளத்தை இறக்கிக் கரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் எங்களைப் பார்த்துக் கேட்டான்.

“இன்னும் ஒருத்தருக்குத்தான் இடம் இருக்கு. யார் வர்றீங்க?”

நசீர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கு ஒண்டும் வெளங்கல்ல மச்சான். போறதா, இரிக்கிறதா? நீங்க சொல்றதச் செய்யிறேன்.”

கரை கண்ணுக்குத் தெரிந்தது. வள்ளத்தில் போகிறவன் பிழைப்பான் என்றே நான் நம்பினேன்... அப்படி நம்பிக்கொண்டுதான் வாய் திறந்தேன்.

“நீங்க இரிங்க. தோணிதான் பத்திரம்.”

தலையை ஆட்டினான். என்னை அவ்வளவு நம்பினான்!

கரையை நெருங்கும்போது ஓர் அலை வள்ளத்தைக் கவிழ்த்தது. அந்த இருவரும் கடலோடு போய்விட்டார்கள். நான் துடுப்பைக் கட்டிக்கொண்டு மணலில் வந்து விழுந்தேன். காலையில் பார்த்தேன், தோணி நின்றது. நங்கூரம் தாங்கியிருந்தது.

அந்தக் கணம் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. பயம்தான் வந்தது. இவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

நசீர் மீனவர் வள்ளமொன்றில் கரையிறங்கி, காய்ச்சலோடு தள்ளாடி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

“எனக்குப் பத்திரமான எடத்தத் தந்திட்டு, நீங்க உசிரக் குடுக்க மௌத்துக்குப் போனீங்களே மச்சான்.”

நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு சொல் போதுமாயிருந்தது... சொல்லவில்லை.

கண்டிக்கு வந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் சொன்னான், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். தங்கை என் கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். மூத்த மகனுக்கு என் பெயரை வைத்தார்கள்.

ஒருமுறை பேராதனையிலிருந்து மாட்டுவண்டியில் வரும்போது துணிந்தேன். நான் உங்களைக் காப்பாற்ற நினைக்கவில்லை என்றே சொல்லிவிட்டேன். நசீர் சிரித்தான். தன் நல்லதைத் தானே சொல்லிக்கொள்ளாத மனுசன் நீங்கள் என்றான். அந்தச் சொல்லும் ஊரில் பரவியது. நான் இன்னும் பெரிய மனிதனானேன்.

போன வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் விருந்து. ஒரே சஹன் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். நசீர் நல்ல இறைச்சித் துண்டுகளாகப் பொறுக்கி என் பக்கம் ஒதுக்கி வைத்தான்.

நான் தின்றேன்.