ஊட்டிப் பனிக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சூட்டுக் கைப்பிடி

குளிருக்கான பொருளைத் தேடி சிங்கப்பூரில் அலைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஊட்டிக்கு அருகே எங்களுக்கு மூன்று ஏக்கர் கேரட் தோட்டம். விடியற்காலையில் மருந்து டிரம்மை ஏடிவி என்கிற நாலு சக்கர வண்டியில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோவது என் மனைவி செல்வி. போன ஜனவரியில், உறைபனியில் விரல்கள் மரத்துப்போய் பிரேக்கை அழுத்த முடியாமல் வண்டியோடு கீழ்ப்பாத்தியில் சரிந்தாள். தோள்பட்டை விலகி ஆறு வாரம் கட்டு. அதனால் நவம்பரில் தங்கை வீட்டுக்கு, சிங்கப்பூரின் தெம்பனிஸுக்கு, ஐந்து நாள் போனபோது ஹேண்டில்பாரில் மாட்டினால் கையைச் சூடாக்கும் கிரிப் வாங்கிவருவதென்று முடிவு செய்திருந்தேன். ஆன்லைனில் வாங்கலாமே என்பீர்கள். கண்ணால் பார்க்காத பொருளை நான் நம்புவதில்லை.

காலை 10:40க்கு டவுன்டவுன் லைன் ரயில். மாற வேண்டாம், நாற்பது நிமிடத்துக்குள் லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையின் ஒரு பக்கத் தெருவில் மோட்டார்சைக்கிள் உதிரிபாகக் கடை இருந்தது. ஏடிவிக்கு வேண்டும் என்றேன். கடைக்காரர் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்றார். விலை 68 டாலர். நான் வாயைத் திறப்பதற்குள் அவராகவே 60 ஆக்கினார். கேட்காமல் விலை குறைந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பெட்டியில் டேப் வேறு இரண்டு முறை ஒட்டியிருந்தது. வேறு கடையில் கிடைக்காததால் வாங்கிக்கொண்டேன்.

சூடாகிறதா என்று பார்க்காமல் விமானம் ஏற மனமில்லை. திரும்பும் வழியில் உபி ஸ்டேஷனில் இறங்கி, மைத்துனர் சொன்ன காதர் பாயின் பட்டறைக்குப் போனேன். பேட்டரியில் இணைத்ததும் இரண்டு கிரிப்பும் இரண்டே நிமிடத்தில் சூடாகின. எனக்கு நிம்மதி. பாய்க்கு இல்லை. ஏடிவிக்கு என்றதும் இரண்டின் உள்வாயையும் அளந்தார்.

"இது மோட்டார்சைக்கிள் கிரிப் லா. அதுல வலது பக்கம் ஆக்சிலரேட்டர் திருகுற குழாய் மேல மாட்டணும், அதான் வலது கிரிப்புக்கு ஓட்டை பெருசு. உங்க வண்டில ஆக்சிலரேட்டர் கட்டைவிரல்ல தள்ளுறதுதானே? கீழ இறங்குறப்ப கையோட கழண்டு வந்துரும்."

வைத்துவிட்டுப் போங்கள், சாயந்திரம் பார்க்கலாம் என்றும் சொன்னார். இனி தன் அலமாரியிலிருந்து நூறு டாலருக்கு ஒன்றை எடுப்பார் என்று நினைத்தேன். இங்கேயே உட்காருகிறேன் என்றேன். என் பார்வை அலமாரிப் பக்கம் போனதைக் கவனித்துவிட்டார்.

"என்கிட்ட விக்கிறதுக்கு இது கிடையாது அண்ணே. வீட்டுக்குப் போன் போட்டு அளக்கச் சொல்லுங்க."

செல்வி ஹேண்டில்பாரைச் சுற்றி நூலை வைத்து அளந்தாள். இரு பக்கமும் ஒரே அளவு, ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குறுக்களவு 22 மில்லிமீட்டர். பாய் சொன்னது சரி.

இரண்டு மணிக்கு மீண்டும் அந்தக் கடை. டேப் சுற்றி மாட்டுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் கடைக்காரர். காலையிலிருந்த சிரிப்பைக் காணோம். என் மனைவி விழுந்ததைச் சொன்னேன். அவர் உள்ளே போய் இன்னொரு பெட்டியோடு வந்தார். ஏடிவிக்கென்றே உள்ளது, இரண்டு கிரிப்புக்கும் ஒரே அளவு. பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளப் பன்னிரண்டு டாலர் கூடுதல். காலையிலேயே அது உள்ளேதான் இருந்திருக்கிறது. ஏன் காட்டவில்லை என்று கேட்டேன், அவர் பில் போடத் தொடங்கினார்.

மூன்றரைக்கு உபியில் பாய் வயரிங்கைத் தயார் செய்தார். பேட்டரியிலிருந்து பத்து ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து சாவியோடு சேர்ந்து இயங்கும் ரிலே சுவிட்ச். சாவியை அணைத்தால் சூடும் அணைய வேண்டும், இல்லையென்றால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். கூலி 40 டாலர். ஒவ்வொரு இணைப்பையும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சந்தேகப்படுங்க, நல்லதுதான். கொஞ்சம் தள்ளி உக்காந்து சந்தேகப்படுங்க. லைட்டை மறைக்கிறீங்க."

நீங்களும் வாங்கப் போனால் ஹேண்டில்பாரின் அளவை எழுதிக்கொண்டு போங்கள். வயர்களை செக்-இன் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்த என்னை சாங்கி விமான நிலையத்தில் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டார்கள், அங்கே சந்தேகம் அவர்களுடையது. மாட்டும்போது பழைய கிரிப்பை பிளேடால் கீறி எடுத்து, கம்பியை ஸ்பிரிட்டால் துடைத்து, பசை தடவி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், வயர் இழுபடக் கூடாது.

டிசம்பரில் முதல் உறைபனி விழுந்தது. நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன், செல்வி விடவில்லை. அவள் மேட்டுக்கு ஏறித் திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். அவள் விழுந்த அந்தச் சரிவில் வண்டி வேகம் குறைந்து, மெதுவாக இறங்கி, என் முன்னால் வந்து நின்றது. ஃபியூஸைப் பார்க்க நான் சீட்டைத் தூக்கப் போனேன். அவள் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தாள். கதகதப்பாக இருந்தது.

"இப்பவாவது நம்புங்க," என்றாள்.