ஆறை மாட்டினால்தான் ஏழு ஓடும்

சென்னையில் ஓர் அனிமேஷன் நிறுவனம், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு எனக்கொரு சோதனை வைத்திருந்தது. பத்து விநாடிக் காட்சி, இருநூற்றைம்பது படங்கள், திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். பதினோரு வருடமாக அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் அடுப்பும் துவையலுமாகக் கிடந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. விடுவேனா?

என் கணினியில் இருந்தது ஆறாம் தலைமுறைப் பிராசஸர், இரண்டே கோர். ஒரு படம் முடிக்க முக்கால் மணி நேரம் எடுத்தது. மொத்தமும் முடிய ஒரு வாரம் போதாது. மெயின்லேண்ட் போயிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் எனக்காக ஏழாம் தலைமுறைப் பிராசஸர் ஒன்றைத் தேடி வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பழையதுதான், ஆனால் நான்கு கோர்! இரண்டு தலைமுறையும் மதர்போர்டில் உட்காருவது ஒரே சாக்கெட்டில்தான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வியாழக்கிழமை காலை, லிட்டில் அந்தமான் தீவிலுள்ள ஹட்பேக்குக் கப்பலேறக் கிளம்பிய என் தோழியிடம் ஆறைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் வீட்டுக் கணினியில் பிராசஸர் கெட்டுக் கிடந்தது. அவள் போனபிறகு ஏழாம் தலைமுறையை மாட்டி சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

செல்போனில் தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் மதர்போர்டு ஏழு பிறப்பதற்கு முந்தையது. அதை எழுப்பிவிடும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால்தான் அது ஏழை அடையாளம் காணும். புதுப்பிக்க ஓடுகிற பிராசஸர் வேண்டும், அதாவது ஆறு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தோழிக்கு போன் அடித்தேன்.

"அரே, பாகலாடி நீ? பைத்தியமா? போட்டுப் பாத்துட்டுக் குடுக்க மாட்டியா? நான் கப்பல்ல ஏறிட்டேன்!"

ஃபெரி பிடித்து சாத்தம், அங்கிருந்து ஆட்டோவில் ஃபீனிக்ஸ் பே கப்பல்துறை. டிக்கெட் இல்லாமல் வாசலில் விடவில்லை. கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே அவள் பையும் பெட்டியுமாக வெளியே வந்தாள்.

"குடுத்துட்டு நீ போயிருக்கலாமே?"

"குடுத்தா நீ இன்னொரு கூத்து பண்ணுவ. புதன்கிழம அடுத்த கப்பல் இருக்கு. சலோ, வீட்டுக்குப் போலாம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் ஆறை மறுபடி மாட்டிப் புதுப்பிக்கத் தொடங்கினோம். நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டு காலி. எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, என் யூபிஎஸ் பேட்டரியோ செத்து இரண்டு மாதம். ஐந்து நிமிடமும் திரையில் ஏறும் சதவீதத்தையே இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம். முடிந்தது! ஆறைக் கழற்றி ஏழை மாட்டினோம். திரையில் அதன் பெயர் வந்ததும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அண்ணன் ஓடி வந்தார்.

முதல் படம் பதினைந்தே நிமிடத்தில் வந்தது. அதன்பிறகு இரண்டு தடவை கரண்ட் போனது. தடவைக்கு ஒரு படம்தான் வீணானது, கவலையில்லை. ஞாயிறு மாலை எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. என்றைக்கு வேலையில் சேர முடியும் என்று கேட்டிருந்தார்கள். நான் இரண்டு தடவை படித்து, பதில் எழுத வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். தோழி என் கையைத் தட்டிவிட்டு, 'இன்றே' என்று அடித்து அனுப்பிவிட்டாள்.