ஓட்டத்திலிருந்து இறங்கிய அண்ணன்

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, நீ எங்கே பார்த்தாய், யார் சாட்சி என்று கேட்கக்கூடும். ஓடியவர்கள் ஆறு பேர்: ஊர்ப் பையன்கள் ஐந்து பேர், காலனியிலிருந்து என் அண்ணன். விசில் வைத்திருந்தவர் டவுன் ஹைஸ்கூல் டிரில் வாத்தியார். முடிகிற இடத்தில் கயிறு பிடித்தவர்கள் ஊர் வாலிபர் சங்கச் செயலாளரும் அவருடைய மச்சானும். தன் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர் செயலாளரின் அப்பா, மணியக்காரர். தரையில் சுண்ணாம்புக் கோடு போட வரச்சொல்லி வந்திருந்த என் சித்தப்பா. தெருமுனைப் புளியமரத்தடியில், அண்ணனின் சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வயது நான். இவர்களைத் தவிர ஊர்ச் சனம் வாசலுக்கு வாசல் நின்றது. அம்மாவும் அப்பாவும் வரவில்லை. காலனியிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

எழுபதுகளில் ஒரு காணும் பொங்கல். ஒரகடத்துப் பக்கம் கம்பெனி என்ற பேச்சே இல்லாத காலம். ஏரி, சவுக்குத் தோப்பு, செங்கல் சூளை, எப்போதாவது வல்லக்கோட்டைக்குப் போகிற பஸ், அவ்வளவுதான். சங்கத்தார் வருடாவருடம் ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். ஏரி மதகில் புறப்பட்டு, சேரப்பணஞ்சேரி கூட்டு ரோட்டைத் தொட்டுத் திரும்பி, ஊர்த்தெருவுக்குள் நுழைந்து கோயில் வாசலில் முடிக்க வேண்டும். அதுவரை காலனிப் பையன்கள் ஓடியதில்லை. அந்த வருடம் டிரில் வாத்தியார் கேட்டுக்கொண்டார் என்று செயலாளர் பெருந்தன்மையாக அறிவித்தார். "யாரு வேணா ஓடலாம்ப்பா. இன்னா இப்ப, காலனிக்காரனும் ஓடட்டும். யாரு வேணான்னது?"

வாத்தியார் கேட்டதற்குக் காரணம் என் அண்ணன்தான். அப்பா பஸ்ஸுக்குக் காசு கொடுக்காத நாளெல்லாம் அவன் பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போவான். பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்த நாளும் உண்டு. முதலில் வருகிறவனைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய் ஜில்லாப் பந்தயத்தில் ஓடவிடுவதாகவும், அங்கேயே ஆஸ்டலில் சேர்த்துச் சோறு போட்டுப் படிக்க வைப்பதாகவும் வாத்தியார் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பாவும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார், சூளை மேஸ்திரிக்கு. பொங்கல் கழிந்ததும் பையனை மண் மிதிக்க அனுப்புகிறேன் என்று. ஆக, ஆஸ்டலா சூளையா என்பது அன்றைய ஓட்டத்தில் இருந்தது.

ஊர்த்தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் ரோட்டுக்குப் போக எங்களுக்கு அந்தத் தெருதான் வழி. காலனி ஆட்கள் புளியமரம் வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்த்துத் தொங்கவிடுவார்கள். பலகை எதுவும் எழுதி வைக்கவில்லை. எனக்கு நடை வந்த நாளிலிருந்து அப்படித்தான். கோயில் இருக்கிற தெரு, அதனால் எல்லோரும் இறங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஊர்ப் பையன்கள் மணியடித்துக்கொண்டு மிதித்துப் போவதைப் பார்த்த பிறகும் அப்படியே நினைத்திருந்தேன்.

காலையில் அம்மா அண்ணனின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். "தெருவுல பெரியவங்க யாருனா எதுர வந்தா ஒதுங்கி நில்லுடா கண்ணு."

அண்ணன் சிரித்துவிட்டான். "ஓட்டப்பந்தயத்துல இன்னாம்மா ஒதுங்கறது? நின்னா போச்சி!"

மதகில் அவன் சட்டையைக் கழற்றியபோது ஊர்ப் பையன் ஒருவன் சொன்னான்: "டேய், இவன் மாட்டு வால புடிச்சிக்கினு ஓடிப் பழகினவன்டா. இன்னிக்கி மாடு இல்ல, எப்டி ஓடப் போறான்?" எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தான். "இந்தா பாப்பா, சட்டய கீழ போட்றாத" என்று என்னிடம் கொடுத்தான். விசில் ஊதியதும் நான் குறுக்கே வரப்பில் ஓடிப்போய்ப் புளியமரத்தடியில் நின்றுகொண்டேன். காலனிப் பிள்ளைகள் அதற்கு மேல் போய் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.

வெகுநேரம் ரோடு வெறிச்சென்று இருந்தது. பஸ்ஸில் அடிபட்டிருப்பானோ, கிணற்றுப் பக்கம் தள்ளிவிட்டிருப்பார்களோ என்று என்னென்னவோ நினைத்தேன். பக்கத்தில் சொல்லி அழ ஆளில்லை. அப்புறம் ஏரிக்கரை மேல் ஒரு தலை தெரிந்தது. அண்ணன். அவனுக்குப் பின்னால் கரை காலியாக இருந்தது. அதற்கும் பின்னால்தான் மற்றவர்கள் கிளப்பிய புழுதி. கோட்டருகே குந்தியிருந்த சித்தப்பா எழுந்து கையைத் தூக்கினார், உடனே சுற்றும் முற்றும் பார்த்து இறக்கிக்கொண்டார்.

அண்ணன் புளியமரத்தை நெருங்கினான். என்னைப் பார்க்கவில்லை. மரத்தின் நிழல் அவன் மேல் விழுந்த இடத்தில் கால்கள் தாமாகத் தளர்ந்தன. ஓட்டம் நடையானது. வலது கை இடுப்புக்குப் போய், மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்க்கத் தேடியது. அவன் டிராயர் போட்டிருந்தான், அவிழ்க்க ஒன்றும் இல்லை. சைக்கிளிலிருந்து இறங்குவதுபோல அவன் ஓட்டத்திலிருந்து இறங்கிவிட்டான்.

கட்டிலில் இருந்த மணியக்காரர்தான் கத்தினார். "டேய்! ஏண்டா நடக்கிற? ஓடுடா டேய்!"

அவர் நல்ல மனசோடுதான் கத்தினார். ஆனால் அந்தக் குரலில் அந்தத் தெருவில் எங்களுக்கு வந்ததெல்லாம் அதட்டல்தான். அண்ணன் நடப்பதையும் நிறுத்திவிட்டான். சாக்கடை ஓரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து நின்றான். ஊர்ப் பையன்கள் ஒவ்வொருவராக அவனைக் கடந்து ஓடினார்கள். நாலாவது ஆள் கடந்தபோதுதான் தூக்கத்தில் தட்டி எழுப்பப்பட்டவன்போல நிமிர்ந்து ஓடினான். ஐந்தாவதாகப் போய்ச் சேர்ந்தான்.

இப்போது அதே ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கம்பெனிக்காரர்கள் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு கூட்டமாக ஓடுகிறார்கள். ஆணும் பெண்ணுமாக, எந்த ஊரோ எந்தச் சாதியோ. குன்றத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பேன். நல்லதுதான். ஆனால் அதில் யாராவது ஒருவர் சட்டென்று நடக்க ஆரம்பித்தால் நான் சீட்டைவிட்டுப் பாதி எழுந்துவிடுகிறேன். மூச்சு வாங்கத்தான் நடக்கிறார்கள், தெரியும். இருந்தாலும்.

அன்றைக்கு அண்ணன் கோட்டைத் தாண்டியதும் வாத்தியார் ஓடி வந்தார். "இன்னாடா ஆச்சி உனுக்கு?"

"காலு புடிச்சிக்கிச்சி சார்."

அவர் தெருவிலேயே உட்கார்ந்து அண்ணனின் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். அவர் அவனைத் தொட்டதை வாசலில் நின்றவர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். "சதை நல்லாத்தானடா இளகிக் கீது?"

"இல்ல சார். புடிச்சிக்கிச்சி."

செயலாளருக்கு முகம் வாடிவிட்டது. "சார், நீங்களே பாத்தீங்க. நாங்க எதுனா சொன்னமா? எங்கப்பா கூட ஓடுடான்னுதான் சொன்னாரு. இவனா நின்னுக்கினான்." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாத்தியார் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். கொடுத்த வாக்குப்படி முதலில் வந்த பையனின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

வரப்பு வழியாக வீட்டுக்குத் திரும்பினோம். சட்டையை நீட்டினேன், வாங்கவில்லை. முன்னால் நொண்டிக்கொண்டே போனான். காலனி கண்ணில் பட்டதும் நொண்டல் இன்னும் அதிகமானது. வெகுதூரம் நடந்ததால் நோவு கூடிவிட்டது என்று நினைத்தேன்.

அப்பா, "நாளைக்கி ஒரு நாளு பாரு. அப்பறம் சூளைக்கி வந்துடு" என்றார். அம்மா எண்ணெய் காய்ச்சி என்னிடம் கொடுத்து, பிடித்துவிடச் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பந்தயத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருக்க நாலு பேரும் மிகவும் கஷ்டப்பட்டோம். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிச் சாப்பிடப் பழகிக்கொண்டான்.

எனக்கு ஒரே கவலை, அவன் கால் ஊனமாகிவிடும் என்று. காலனி மாதா கோயிலில் பூசைக்கு மணியடித்தால் முதல் ஆளாகப் போய் முட்டி போட்டு அந்தக் காலுக்காக மட்டும் வேண்டினேன். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும்போதும் அதே நினைப்பு. அடுத்த வருடம் என்னையும் நிறுத்திவிட்டார்கள், அது வேறு கதை. சாயங்காலம் அவன் சூளையிலிருந்து வந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் உட்காருவேன். உள்ளங்காலெல்லாம் செம்மண் ஏறியிருக்கும்.

"வலிக்குதாண்ணா?"

"ம்."

எங்கே என்று கேட்க மாட்டேன். வலது கால் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் அவன் கூரையைப் பார்த்துப் படுத்தபடியே இடது காலை நீட்டினான். நான் பதறிப்போனேன். வலி அந்தக் காலுக்கும் பரவிவிட்டது என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா அடுப்பை விட்டுத் திரும்பாமல், இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொடுத்தாள். அன்றிலிருந்து இரண்டு காலையும் பிடித்துவிட்டேன்.