லிண்டா வெட்டிய கடைசி வடை

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மதியம், புனே சாங்வியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஜவ்வரிசி வடை இரண்டாக வெட்டப்பட்டது. கொஞ்ச நேரத்தில் மிச்சமிருந்த பாதி, கால் ஆனது. அப்புறம் அந்தக் காலும் பாதியானது. கடைசியில் தட்டில் மிஞ்சியது ஒரு வேர்க்கடலைத் துண்டும் கொஞ்சம் முறுகலான ஓரமும்தான்.

வெட்டியவர் லிண்டா. அறுபதை நெருங்கும் அமெரிக்கப் பெண்மணி, மினசோட்டாக்காரர்.

ஒரு வடைக்கு இவ்வளவு பீடிகையா என்கிறீர்களா? எங்கள் டீமில் முப்பத்திரண்டு பேர். அத்தனை பேர் வேலையும் அந்த வடையில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தெரிந்துவிட்டது!

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் சில கிளினிக்குகளுக்கு எங்கள் டீம்தான் மென்பொருள் எழுதித் தருகிறது. நோயாளி வந்து நின்றதும் வரவேற்பில் இருக்கும் பெண் பெயரைத் தட்டி, டாக்டரிடம் அனுப்புவாரே, அந்தத் திரை எங்களுடையது. நியூயார்க் கிளினிக்குகளுக்குப் பொறுப்பு வின்னி என்ற மனிதர். மினசோட்டா கிளினிக்குகளுக்கு லிண்டா. இரண்டு பேரும் ஒரு வாரத்துக்குப் புனே வந்திருந்தார்கள். எங்களோடு இன்னும் இரண்டு வருஷம் தொடர்வதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்று அவர்கள்தான் எழுதிக்கொடுக்க வேண்டும்.

வின்னி என்றால் டீமுக்கு ஒரே பயம். வாராந்திர ஃபோன் மீட்டிங்கில் ஹலோ கூடக் கிடையாது. "இது என்ன குப்பை? யார் செஞ்சது? மனுஷன் உபயோகிக்க வேண்டாமா?" என்றுதான் ஆரம்பிப்பார். நாங்கள் பதறியடித்துக்கொண்டு சரிசெய்வோம்.

லிண்டா? தங்கம்! "பரவாயில்லை, நாங்க சமாளிச்சுக்கறோம். உங்களுக்கு எதுக்கு சிரமம்? அங்க மழை ஆரம்பிச்சுடுச்சா?" என்பார். நாங்கள் மீட்டிங் குறிப்பில் 'மினசோட்டா — ஓகே' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். எட்டு மாதமாக இப்படித்தான்.

ஆபீஸில் எனக்கு 'அமெரிக்க வாத்தியார்' என்று பெயர். பதினைந்து வருஷம் போவதும் வருவதுமாக இருந்தவன் அல்லவா? முதல் தடவை விமானம் ஏறும் பிள்ளைகளுக்கு நான்தான் வகுப்பெடுப்பேன். கொஞ்சம் அலட்டலும் உண்டு... ஒப்புக்கொள்கிறேன்.

டெக்சாஸில் லிஃப்டில் ஏறினால், இறங்குவதற்குள் உங்கள் பிள்ளை என்ன படிக்கிறான் என்பதுவரை விசாரித்துவிடுவார்கள். வெயிலில் நிறுத்திய காரின் ஸ்டீயரிங்கைத் தொட்டால் சென்னை மே மாதமே தேவலை என்றிருக்கும். நியூயார்க்கில் ஒருமுறை, பாதாள ரயில் படிக்கட்டில் பெரிய பெட்டியோடு திணறிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒருவர், "நடுவழியில நிக்கறியே, அறிவிருக்கா?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே என் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் போயே போய்விட்டார்!

மினசோட்டாவில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். கண் இமை உறையும் காலை நேரத்தில், "இன்னிக்குக் கொஞ்சம் சில்லுன்னு இருக்குல்ல?" என்பார்கள். கொஞ்சமா? என் கார் வழுக்கிப் பனிக்குள் இறங்கியபோது, முன்பின் தெரியாத ஒருவர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். அதே ஊரில், பக்கத்து சீட்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர் ஒரு நாள்கூட வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. ஆபீஸில் டோனட் டப்பா வைத்தால் கடைசி டோனட்டை யாரும் முழுதாக எடுக்க மாட்டார்கள். ஒருவர் பாதி வெட்டுவார், இன்னொருவர் அதில் பாதி...

இதையெல்லாம் வகுப்பில் ஜோக்காகச் சொல்வேன், எல்லாரும் சிரிப்பார்கள். கடைசியில் பொன்விதி ஒன்றும் சொல்வேன்: "அமெரிக்கர்கள் வேண்டாம்னா வேண்டாம். மறுபடி கேட்காதீங்க, அநாகரிகம்."

டெக்சாஸ் வேறு, நியூயார்க் வேறு, மினசோட்டா வேறு என்று அரைமணி நேரம் பேசிவிட்டு, முடிவில் எல்லாருக்கும் ஒரே விதி! என் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல?

இதே விதியை அந்தச் சனிக்கிழமை காலையில் ஸ்டெல்லாவிடமும் சொன்னேன். ஸ்டெல்லா இதே புனேயில், கட்கியில் பிறந்து வளர்ந்தவள். மூன்று தலைமுறையாகக் கன்டோன்மென்ட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஸ்கூலில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறாள். பாஸ்போர்ட் இருக்கிறது, அதில் ஒரு முத்திரை கூடக் கிடையாது.

"ஒரு தடவைதான் கேக்கணும், ஸ்டெல்லா. வேண்டாம்னா விட்டுடணும்."

"ஒரே தடவையா? அரே, அது உபசாரமா? அது அட்டெண்டன்ஸ் எடுக்கறதுங்க!"

"அமெரிக்கா எனக்குத் தெரியும்."

"அச்சா, சரி. உங்க கிளையன்ட், உங்க பாடு."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி கேப் வந்து நின்றதும் வின்னி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "இது ரோடா, ஆறா? எந்தப் பைத்தியக்காரன் வர்ற வழியில அந்தப் பாலத்தைக் கட்டினான்?" முழங்கால்வரை நனைந்திருந்த லிண்டா, "கொஞ்சம் ஈரம்தான், ஒண்ணும் மோசமில்லை" என்றார்.

ஆப்பம், சிக்கன் வறுவல், காரமில்லாத காய்கறி ஸ்டூ. அதோடு ஸ்டெல்லாவின் சாபுதானா வடை. ஜவ்வரிசி வடைக்கு இங்கே அதுதான் பெயர். புனேயில் மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டு இதுகூடச் சரியாக வராவிட்டால் எப்படி என்பாள். வின்னி ஒன்றைக் கடித்தார். "இது என்ன? பிரமாதம்! இன்னும் கொண்டாங்க!" ஏழு வடை போனது.

லிண்டா ஒன்று சாப்பிட்டார். ஸ்டெல்லா தட்டை நீட்டினாள். "ஐயோ, வேண்டாம், போதும்" என்றார். ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள் நான் கண்ணைக் காட்டினேன். தட்டு திரும்பிப் போனது. லிண்டாவின் கண்ணும் அதன் பின்னாலேயே போயிற்றாம். ஸ்டெல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது வின்னியோடு பாலத்தைப் பற்றித் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

தட்டில் ஒரே வடை மிஞ்சியது. அப்போதுதான் லிண்டா கத்தியை எடுத்தார். பாதி, கால், அரைக்கால்... என் ஜோக் என் கண்முன்னாலேயே நடக்கிறது, நான் பார்க்கவில்லை!

ஸ்டெல்லா எழுந்தாள். "லிண்டா, இன்னும் ரெண்டு போடட்டுமா?"

"வேண்டாம்மா, உங்களுக்கு வேலை அதிகமாகும்."

ஸ்டெல்லா நேரே உள்ளே போய், சுடச்சுட நாலு வடையோடு வந்தாள். "உங்களுக்குன்னே போட்டுட்டேன். ஆறிட்டா நல்லா இருக்காது."

நான் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

லிண்டா என்னைப் பார்த்தார், வடையைப் பார்த்தார். "சரி... நீங்க இவ்வளவு சொல்றதால..." என்றவர் நாலையும் சாப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான ஆண்களுக்கு அந்தப் பார்வை தெரிந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் லிண்டா தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார், கழுவ உதவுவாராம். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வாசலில் காலடி வைப்பதற்குள் ஸ்டெல்லாவின் குரல் கேட்டது.

"எங்க வீட்டுக்காரர் டீம் வேலையெல்லாம் எப்படி, லிண்டா?"

கிளையன்டிடம் வீட்டு ஆட்கள் இப்படியெல்லாம் கேட்பார்களா?

"ரொம்ப நல்ல பிள்ளைங்க. ஒரு குறையும் இல்லை."

"நிஜமாவா? அந்தப் புதுத் திரை சௌகரியமா இருக்கா?" வீட்டிலிருந்து நான் பேசும் மீட்டிங் எல்லாம் அவள் காதில்தானே விழுகிறது!

"பழகிட்டோம்னு சொல்லலாம்."

உள்ளே பாய்ந்து பேச்சை மாற்றலாம் என்று நினைத்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்துவிட்டாள். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்ப்பதுபோல ஒரு முறைப்பு. அப்படியே நின்றுவிட்டேன்.

அவள் குழாயை மூடினாள். "நாலு வடைக்குப் பசிச்சும் ஒண்ணே போதும்னு சொன்னவங்க நீங்க. எங்க அம்மாவும் இதே டைப்தான். அதனால மூணாவது தடவையா கேக்கறேன். சொல்லுங்க."

லிண்டா சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

பழைய திரையில் மூன்று தட்டுத் தட்டினால் நோயாளி உள்ளே போய்விடலாமாம். நாங்கள் 'நவீனமாக' மாற்றிக்கொடுத்ததில் ஏழு தட்டு. குளிர்காலத்துக் காலையில் வரிசை வாசல்வரை நீள்கிறது. கடைசியில் நிற்கிற வயதானவர்கள் மேல் கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று அடிக்கிறது. ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, வைத்தியம் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். வரவேற்பில் இருந்த பெண் அழுதுவிட்டாளாம்.

"ஏன் எங்ககிட்ட சொல்லலை?" என்று கேட்டேவிட்டேன்.

"முதல் மாசமே சொன்னேனே, சமாளிச்சுக்கறோம்னு" என்றார் லிண்டா. "நீங்க மறுபடி கேக்கவே இல்லை. பிள்ளைங்க கஷ்டப்பட்டுச் செஞ்சது, நானா எப்படிக் குறை சொல்றது?"

கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னார். எங்களோடு தொடர வேண்டாம் என்று கடிதம் ஏற்கெனவே எழுதிவிட்டாராம். ஊருக்குப் போனதும் அனுப்புவதாக இருந்தாராம். இங்கே சொல்லி எங்கள் வாரத்தைக் கெடுக்க மனசு வரவில்லையாம்!

எட்டு மாதமாக நாங்கள் பயந்தது வின்னிக்கு. ஹாலில் போய் அவரிடம் மெல்லக் கேட்டேன், எங்கள் மேல் கோபமா என்று. "கோபமா? உங்க டீம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்கலைன்னா எதுக்கு வாராவாரம் கத்தறேன்? ஃபோனையே எடுக்க மாட்டேன்" என்றார் மனிதர்.

திங்கட்கிழமை காலை, அந்தத் திரையை எழுதிய ஸ்வப்னாலியிடம் விஷயத்தைச் சொன்னேன். போசரியிலிருந்து பஸ் மாறி வரும் பெண். கண் கலங்கிவிட்டாள். "சர், அவங்க ஓகேன்னுதானே சொன்னாங்க?" ஓகே என்று குறிப்பில் எழுதியவன் நான்.

லிண்டா அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏழு தட்டையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். புதன்கிழமைக்குள் அது மூன்றானது. லிண்டா தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் மோசமில்லை" என்றார். டீம் கை தட்டப் போனது. நான் நிறுத்தி, இரண்டாவது தடவை கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். மூன்றாவது தடவை கேட்டேன். "எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிசா இருந்தா... எங்க பொண்ணுங்களுக்குக் கண்ணாடி போட்டும் தெரியலை." அதையும் சரிசெய்தோம்.

வெள்ளிக்கிழமை கிளம்புமுன் லிண்டா அந்தக் கடிதத்தை என் எதிரிலேயே அழித்தார். போன வாரம் கையெழுத்து வந்துவிட்டது. இரண்டு வருஷம்!

எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஐயா. பதினைந்து வருஷம் அந்த நாட்டில் பனியும் வெயிலும் பார்த்த எனக்குப் பிடிபடாதது, கட்கியை விட்டு அதிகம் நகராத என் ஸ்டெல்லாவுக்கு ஒரு வடைத் தட்டில் பிடிபட்டுவிட்டது. 'இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க' என்று வீட்டுக்கு வந்தவரை விடாமல் கேட்கிற நம் வழக்கத்தைத் தொந்தரவு என்று நானே எத்தனை மேடையில் கிண்டலடித்திருக்கிறேன்! எங்கோ பனிக்கட்டிக்கு நடுவிலும் அதே மாதிரி கேட்கப்படுவதற்காகக் காத்திருக்கிறார்கள். ஸ்டெல்லா என் மனைவி என்று ஆபீஸில் எல்லாரிடமும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். தெரிந்தவர்களிடமும் சொன்னேன்.

என் வகுப்பில் பொன்விதியை அழித்தாயிற்று. மீட்டிங் குறிப்பில் மினசோட்டாவுக்கு இப்போது மூன்று கட்டம் இருக்கிறது, மூன்றையும் கேட்டு நிரப்ப வேண்டும். டீமில் அதற்கு 'ஸ்டெல்லா மேடம் ரூல்' என்று பெயர். வின்னிக்கு ஒரு கட்டமே அதிகம்.

நேற்று சாயங்காலம் வீட்டில் மறுபடி சாபுதானா வடை. இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தேன். "வேணுமாங்க?" என்றாள். எப்படியும் இன்னொரு தடவை கேட்பாள் என்ற தைரியத்தில், "வேண்டாம்மா" என்றேன். தட்டு போயே போய்விட்டது.

"என்ன, மறுபடி கேக்க மாட்டியா?"

"நீங்க அமெரிக்கா பார்த்தவராச்சே. வேண்டாம்னா வேண்டாம்தானே?"

சரி, எழுதி முடித்துவிட்டேன். சமையலறைக்குப் போய்க் கேட்கப் போகிறேன் — வின்னி மாதிரி, சத்தமாக!